14,500 ரூபாய்க் குடல் பொடி: ஓட்டிசம் உள்ள மகனுக்கு வாங்கலாமா?

கொட்டகலை அம்மா | மார்ச் 3, இரவு 10.12

இரண்டு வருடமாக இங்கே வாசித்து மட்டும் வருகிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. தவறிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகனுக்கு ஆறு வயது. மூன்றரை வயதில் ஓட்டிசம் என்று சொன்னார்கள். பேச்சு இல்லை. ஏதாவது வேண்டுமென்றால் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் போய் அந்தப் பொருளின் மேல் வைப்பான். சாப்பாடு மூன்றே வகை: கருகல் புள்ளி இல்லாத கோதுமை ரொட்டி, வெள்ளை இடியப்பம், ஒரே ஒரு வகை பிஸ்கட். பிஸ்கட் உடைந்திருந்தால் அதுவும் இல்லை. நாளுக்கு நான்கு தடவை இனிப்புத் தேநீர்.

நான்கு மாதமாக வயிறு சரியில்லை. ஒரு நாளைக்கு நான்கைந்து தடவை காற்சட்டையில் தண்ணீராகப் போய்விடுகிறது. அவனுக்கே தெரிவதில்லை. பாடசாலையிலிருந்து இரண்டு தடவை அழைத்து, வந்து கூட்டிக்கொண்டு போகச் சொன்னார்கள். இரவில் எழுந்து கட்டில் மூலையில் வயிற்றை அழுத்திக்கொண்டு நிற்கிறான். அழுவதில்லை. சும்மா நிற்கிறான். ஒரு வைத்தியசாலையில் காட்டினோம். வயிற்றோட்டம் என்று ஜீவனி உப்புக்கரைசல் பக்கற்றுகளைத் தந்து அனுப்பிவிட்டார்கள். வயிற்றைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

ஒரு வாட்சப் குழுவில் ஓர் அக்கா சொன்னார், ஓட்டிசமே குடலில்தான் தொடங்குகிறதாம், குடலைச் சுத்தம் செய்தால் பேச்சு வருமாம். வெளிநாட்டுப் பொடி ஒன்றைக் காட்டினார். ஒரு மாத டப்பா 14,500 ரூபாய். குறைந்தது ஆறு மாதம் கொடுக்க வேண்டும் என்கிறார். மாமியார் நாட்சம்பளத்துக்குத் தேயிலைக் கொழுந்து எடுக்கிறார். பத்துப் பதினொரு நாள் மலை ஏறினால் ஒரு டப்பா. கணவர் முச்சக்கர வண்டி ஓடுகிறார். சங்கிலியை அடகு வைக்கலாம் என்கிறார். ஒரு டப்பாவுக்கு முற்பணம் கட்டிவிட்டேன். மிச்சத்தை வாங்கலாமா?

பண்டாரவளை அப்பா | மார்ச் 3, இரவு 10.50

தங்கச்சி, யோசிக்காமல் வாங்குங்கள். என் மகனுக்கு எட்டு மாதமாக இதே மாதிரி ஒன்றைக் கொடுக்கிறேன். மூன்றாவது மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நான் சவரம் செய்துகொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்று "அப்பா" என்றான். கத்தியைக் கீழே வைத்துவிட்டு அழுதேன். ஐந்து வருடம் காத்திருந்த சொல் அது. ஆய்வு இருக்கிறதா, ஆதாரம் இருக்கிறதா என்று இங்கே சிலர் வருவார்கள். அவர்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்காக யாரும் காத்திருக்கவில்லை.

நற்குடல் இயற்கை நலம் | மார்ச் 3, இரவு 11.31

[இந்தப் பதிவு நீக்கப்பட்டது. விலைப்பட்டியல், தொலைபேசி எண், "90 நாட்களில் பேச்சு உறுதி" ஆகியவை இருந்தன. இங்கே விற்பனை கூடாது. — நெறியாளர்]

லிந்துலை அம்மாயி | மார்ச் 4, அதிகாலை 5.20

கொட்டகலை மகளே, பொடியை ஒரு பக்கம் வையுங்கள். எனக்குச் சில கேள்விகள். வெட்கப்படாமல் பதில் எழுதுங்கள். தோட்டங்களில் 31 வருடம் குடும்பநல உத்தியோகத்தராக இருந்தவள் நான். மலத்தைப் பற்றிப் பேசாத நாள் எனக்குக் கிடையாது.

இந்தத் தண்ணீர்ப் போக்குக்கு முன்னால் எப்படி இருந்தது? எத்தனை நாளுக்கு ஒரு தடவை போவான்? கட்டியாகப் போனால் எவ்வளவு பெரிது? போகும் நேரத்தில் குந்துவானா, அல்லது கால்களை இறுக்கிக்கொண்டு நுனிவிரலில் நிற்பானா? கதவுக்குப் பின்னால் ஒளிவானா? இரத்தம் இருந்ததா? வாந்தி, காய்ச்சல்? எடை குறைந்திருக்கிறதா? வளர்ச்சி அட்டையைத் தேடி எடுத்துப் பாருங்கள். இன்னொன்று, அவன் தூங்கும்போது இடது பக்கம் தொப்புளுக்குக் கீழே விரல் நுனிகளால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். என்ன தட்டுப்படுகிறது?

கொட்டகலை அம்மா | மார்ச் 4, காலை 9.05

அம்மாயி, எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. தீபாவளிக்கு முன்பு வாரத்துக்கு ஒரு தடவைதான் போவான். ஒரு தடவை பத்து நாள். போனால் பெரியவர்களுடையதைவிடப் பெரிது, மலசலகூடம் அடைத்துக்கொண்டது. அன்றைக்குக் கொஞ்சம் இரத்தமும் இருந்தது. பிறகு கதவுக்குப் பின்னால் நிற்கத் தொடங்கினான். நீங்கள் சொன்ன மாதிரியே நுனிவிரலில், முகம் சிவக்க. நாங்கள் முக்குகிறான் என்று நினைத்தோம். வாந்தியும் காய்ச்சலும் இல்லை. எடை ஒன்றரை வருடமாக ஒரே கோட்டில் நிற்கிறது.

இன்று விடியற்காலை அவன் தூங்கும்போது தடவிப் பார்த்தேன். இடது பக்கம் மரவள்ளிக்கிழங்கு மாதிரி நீளமாக ஏதோ இருக்கிறது. அழுத்தினால் அமுங்குகிறது. பயமாக இருக்கிறது.

லிந்துலை அம்மாயி | மார்ச் 4, காலை 9.40

பயப்படாதீர்கள். நான் வைத்தியர் இல்லை, ஆனால் நீங்கள் எழுதியதை வாசித்தால் இது வயிற்றோட்டமே இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது. மலச்சிக்கல். முக்கவில்லை மகளே, அடக்கியிருக்கிறான். ஒரு தடவை வலித்து இரத்தம் வந்ததும் பிள்ளை "இனி விடமாட்டேன்" என்று முடிவுசெய்துவிடும். மலம் உள்ளேயே கிடந்து காய்ந்து கல்லாகிறது. குடலின் கடைசிப் பகுதி பலூன் மாதிரி விரிந்து உணர்ச்சி மரத்துப்போகிறது. மேலேயிருந்து வரும் இளகிய மலத்துக்குப் போக வழியில்லாததால் அந்தக் கட்டியைச் சுற்றி வழிந்து காற்சட்டைக்கு வருகிறது. ஓடையில் பாறாங்கல் விழுந்தால் தண்ணீர் நிற்கிறதா? பக்கவாட்டில் வழிகிறது. அவனுக்குத் தெரியாமல் போவதற்கும் அதுதான் காரணம். அடிக்காதீர்கள், ஏசாதீர்கள், அவன் வேண்டுமென்று செய்யவில்லை.

இதை வயிற்றோட்டம் என்று நினைத்துச் சாப்பாட்டைக் குறைத்தால் கட்டி இன்னும் இறுகும். வயிற்றோட்டத்தை நிறுத்தும் குளிசை எதையும் கொடுத்துவிடாதீர்கள். பிள்ளை வைத்தியர் ஒருவர் வயிற்றைத் தொட்டுப் பார்க்க வேண்டும், இந்த வாரமே. பச்சையாக வாந்தி எடுத்தாலோ, வயிறு பானை மாதிரி உப்பினாலோ வாரம் என்ன, அந்த நிமிடமே புறப்படுங்கள்.

வெலிமடை சித்தி | மார்ச் 4, பகல் 12.15

கோதுமையையும் பாலையும் நிறுத்திப் பாருங்கள். என் அக்கா மகளுக்கு அப்படித்தான் செய்தார்கள். தடுப்பூசியால்தான் குடல் கெடுகிறது என்றும் ஒரு வீடியோவில் சொன்னார்கள்.

லிந்துலை அம்மாயி | மார்ச் 4, பகல் 12.22

அந்தப் பிள்ளை சாப்பிடுவதே மூன்று சாமான். அதில் இரண்டு கோதுமை. அதையும் பிடுங்கிவிட்டால் காற்றையா தின்பான்?

தடுப்பூசிக் கதைக்கு மூலம் 1998 இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த ஒரு கட்டுரை. 12 பிள்ளைகள். குடலையும் ஓட்டிசத்தையும் தடுப்பூசியையும் ஒரே முடிச்சில் போட்டது அதுதான். 2010 இல் அந்த இதழே அதைத் திரும்பப் பெற்றுவிட்டது. எழுதிய வைத்தியரின் பெயரையும் பிரித்தானிய மருத்துவப் பதிவேட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். அந்தப் புரளிக்குப் பதில் சொல்லியே லயன் வீட்டு வாசல்களில் என் தொண்டை காய்ந்திருக்கிறது. இங்கேயும் வேண்டாம்.

மருந்துக்கடைத் தம்பி | மார்ச் 4, இரவு 8.30

அக்கா தனிச்செய்தியில் டப்பாவின் படத்தை அனுப்பியிருந்தார். அவருடைய அனுமதியோடு எழுதுகிறேன். நுவரெலியாவில் மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். இந்த மாதிரி டப்பாக்களைத் தினமும் யாராவது தொலைபேசியில் காட்டிக் கேட்கிறார்கள்.

முன்பக்கத்தில் "2,000 கோடி உயிருள்ள நல்ல நுண்ணுயிர்கள்" என்று இருக்கிறது. பின்பக்கத்தில், எறும்பு அளவு எழுத்தில், "உற்பத்தி செய்யப்பட்ட வேளையில்" என்று இருக்கிறது. அதாவது தொழிற்சாலையை விட்டுப் புறப்பட்டபோது 2,000 கோடி. கப்பலிலும் கொழும்புக் களஞ்சிய வெக்கையிலும் கிடந்து, பார்சல் வண்டியில் ஹட்டன் வரும்போது எத்தனை உயிரோடு இருக்கும் என்று யாரும் எண்ணவில்லை. நல்ல தயாரிப்பில் காலாவதித் திகதி வரைக்கும் எத்தனை உயிரோடிருக்கும் என்ற எண்ணைத்தான் போடுவார்கள்.

அடுத்தது, எட்டு வகை நுண்ணுயிர்களின் பெயர்கள் இருக்கின்றன. லக்டோபசிலஸ், பிஃபிடோபக்டீரியம் என்று. ஆனால் எந்தக் கிளைவகை என்ற எண் ஒன்றுக்கும் இல்லை. "தேயிலை" என்று மட்டும் எழுதிய பக்கற்றை நம் ஊரில் யாராவது வாங்குவார்களா? பி.ஓ.பி. ரகமா டஸ்ட் ரகமா, மேல்நாட்டுக் கொழுந்தா கீழ்நாட்டுக் கொழுந்தா என்று கேட்க மாட்டோமா? ஒரே குடும்பப் பெயர் கொண்ட இரண்டு கிளைவகைகளில் ஒன்று வயிற்றோட்டத்துக்கு உதவும், மற்றது ஒன்றுமே செய்யாது. எண் இல்லாவிட்டால் எந்த ஆய்வையும் இந்த டப்பாவோடு பொருத்திப் பார்க்க முடியாது.

2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த தேசிய மருந்துகள் ஒழுங்குமுறை அதிகார சபையின் பதிவிலக்கமும் இதில் இல்லை. யாரோ பெட்டியில் கொண்டுவந்து விற்கிறார்கள். உள்ளே இனுலின் என்ற நார்ச்சத்தும் சேர்த்திருக்கிறார்கள். கெட்ட பொருள் இல்லை. ஆனால் அம்மாயி சொல்வது மாதிரி உள்ளே கல் அடைத்திருந்தால் அது புளித்துக் காற்றாகி வலியைக் கூட்டும்.

பெரும்பாலான ஆரோக்கியமான பிள்ளைகளுக்கு இந்த நுண்ணுயிர்ப் பொடிகள் பெரிய கெடுதல் செய்வதில்லை என்பதும் உண்மை. நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்த பிள்ளைகளுக்கும் குறைமாதக் குழந்தைகளுக்கும் நிலைமை வேறு. ஒரு குறைமாதக் குழந்தை இறந்ததையடுத்து 2023 இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் வைத்தியசாலைகளுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. "இயற்கைதானே, என்ன செய்யப்போகிறது" என்ற பேச்சு அவ்வளவு சரியில்லை.

பண்டாரவளை அப்பா | மார்ச் 4, இரவு 9.15

நான் எதிர்பார்த்த மாதிரியே எல்லோரும் கூடிவிட்டீர்கள். தம்பி, கடையில் நின்று எழுத்தளவைப் பார்க்கிறாய். நான் என் பிள்ளையைப் பார்க்கிறேன். 43 பிள்ளைகளுக்கு ரியூட்டரி என்ற நுண்ணுயிரைக் கொடுத்து, மற்றவர்களோடு பழகுவது கூடியது என்று 2024 இல் இத்தாலியில் கண்டுபிடித்திருக்கிறார்கள். அதுவும் பொய்யா?

பேராதனை மாணவி | மார்ச் 5, காலை 7.10

பொய் இல்லை அண்ணா. நல்ல ஆய்வு. பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத போலியைக் கொடுத்து, யாருக்கு எது என்று தெரியாமல் நடத்தினார்கள். சமூகப் பழக்கத்துக்கான அளவீட்டில் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் ஓட்டிசத்தின் மொத்தத் தீவிரத்தில் மாற்றமில்லை என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது. பேச்சு வந்தது என்று அவர்கள் சொல்லவில்லை. அவர்கள் கொடுத்தவை எண்ணோடு குறிப்பிட்ட இரண்டு கிளைவகைகள். தம்பி சொன்ன தேயிலைக் கணக்குதான்.

2020 இல் வந்த இன்னோர் இத்தாலிய ஆய்வில் 85 சிறு பிள்ளைகள். ஆறு மாதம் கொடுத்தும் மொத்தத்தில் ஓட்டிச அளவீட்டில் இரு பக்கமும் வித்தியாசமில்லை. வயிற்றுக் கோளாறு உள்ள பிள்ளைகளுக்கு வயிறு கொஞ்சம் தேறியது. எனக்கு இது முக்கியமாகப் படுகிறது: வயிற்றுக்குக் கொடுத்தது வயிற்றுக்கு உதவியது. 2017 இல் அரிசோனாவில் ஆரோக்கியமானவர்களின் குடல் நுண்ணுயிர்களை எடுத்து 18 பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். வாட்சப்பில் சுற்றுவது பெரும்பாலும் அந்தச் செய்திதான். ஒப்பிட்டுப் பார்க்க, மறுபக்கம் போலி கொடுத்த ஒரு குழுவே அதில் இல்லை.

கொட்டகலை அக்கா, "ஓட்டிசம் குடலில் தொடங்குகிறது" என்பதற்கு என் பதில் 2021 இல் வந்த ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு. 247 பிள்ளைகளின் மலத்தைச் சோதித்தார்கள். அதில் ஓட்டிசம் உள்ளவர்களும் இருந்தார்கள், அவர்களின் கூடப்பிறந்தவர்களும் இருந்தார்கள், தொடர்பே இல்லாத பிள்ளைகளும் இருந்தார்கள். ஓட்டிசத்துக்கும் நுண்ணுயிர்களுக்கும் நேரடித் தொடர்பு மிகக் குறைவாகவே தெரிந்தது. சாப்பாட்டு வகை குறையக் குறைய நுண்ணுயிர் வகையும் குறைந்தது. ஓட்டிசம் இருப்பதால் பிள்ளை மூன்று சாமான் மட்டும் சாப்பிடுகிறது, மூன்று சாமான் மட்டும் சாப்பிடுவதால் குடல் அப்படி ஆகிறது. வண்டியை மாட்டுக்கு முன்னால் கட்டிவிட்டு ஓடவில்லை என்கிறோம்.

வயிற்றுக் கோளாறு என்பது கற்பனை இல்லை. 2014 இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, ஓட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு வயிற்றுக் கோளாறு இருக்கும் வாய்ப்பு மற்றப் பிள்ளைகளைவிட நான்கு மடங்குக்கும் மேல் என்று வந்தது. பேச முடியாத பிள்ளைக்கு வலித்தால் எப்படிச் சொல்லும்? கட்டில் மூலையில் போய் நிற்கும்.

கடைசியாக ஒரு கதை. அப்பா அண்ணா கோபிக்கக் கூடாது. 1998 இல் அமெரிக்காவில் மூன்று பிள்ளைகளுக்கு வயிற்றுப் பரிசோதனைக்காக செக்ரெட்டின் என்ற ஹார்மோனை ஏற்றினார்கள். பிறகு பேச்சும் கண்ணைப் பார்த்துப் பழகுவதும் மேம்பட்டன என்று செய்தி பரவியது. பெற்றோர் அலைமோதினார்கள். அடுத்த வருடம் 60 பிள்ளைகளை எடுத்து, பாதிப் பேருக்கு செக்ரெட்டின், பாதிப் பேருக்கு வெறும் உப்புநீர் ஏற்றிப் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் பிள்ளைகள் முன்னேறினார்கள். ஒரே அளவு. வேடிக்கை அதற்குப் பிறகுதான். முடிவைச் சொன்ன பின்பும் 69 சதவீதப் பெற்றோர் தங்கள் பிள்ளைக்கு செக்ரெட்டின் கொடுக்க இன்னும் விருப்பம் என்றார்கள்.

பண்டாரவளை அப்பா | மார்ச் 5, இரவு 11.48

வாசித்தேன். பதில் எழுதி இரண்டு தடவை அழித்தேன்.

நானும் அந்த 69 இல் ஒருவன்தான், தங்கச்சி. வேடிக்கை என்று எழுதியது மட்டும் பிடிக்கவில்லை.

ஒரு விஷயத்தை முதல் பதிவில் எழுதவில்லை. பொடி தொடங்கிய அதே மாதம் பேச்சுப் பயிற்சிக்கும் சேர்த்துவிட்டோம். வாரம் ஒரு தடவை. அதற்குப் பிறகு வீட்டில் தினமும் அரை மணி நேரம் என் மனைவி அவனோடு தரையில் உட்காருகிறாள். இரண்டில் எது அந்தச் சொல்லைக் கொண்டுவந்தது என்று எனக்குத் தெரியாது. பொடி என்று சொல்வது எனக்குச் சுலபம். அதற்குப் பணம் கட்டுபவன் நான். தரையில் உட்காருவது அவள்.

பேராதனை மாணவி | மார்ச் 6, காலை 6.30

"வேடிக்கை" என்ற சொல்லுக்கு மன்னிப்புக் கேட்கிறேன் அண்ணா. அந்தச் சொல்லை நான் எழுதியிருக்கக் கூடாது. அண்ணிக்கு என் வணக்கம்.

சத்தம் பிடிக்காதவன் | மார்ச் 6, மாலை 4.02

எனக்கு 24 வயது. கண்டி. ஓட்டிசம் உள்ளவன். நீங்கள் எல்லோரும் அந்தத் தம்பியின் குடலைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் பிஸ்கட்டைப் பற்றிப் பேச வந்தேன்.

பப்பாசிப் பழம் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு சுவை. ஒரு துண்டு இனிக்கும், அடுத்தது சப்பென்று இருக்கும், மூன்றாவது வழுக்கும். பிஸ்கட் ஒருநாளும் ஏமாற்றியதில்லை. உடைந்த பிஸ்கட் வேறு பிஸ்கட். அது பிடிவாதம் இல்லை.

மலம் வருகிறது என்ற செய்தி என் உடம்பிலிருந்து எனக்குப் பன்னிரண்டு வயது வரைக்கும் ஒழுங்காக வந்து சேரவில்லை. வயிறு வலித்தால் வலி எங்கே என்று தெரியாது. எல்லா இடமும் சத்தமாக இருக்கிற மாதிரி இருக்கும். தலையைச் சுவரில் முட்டுவேன். என் அம்மா மந்திரித்தார், நூல் கட்டினார். பல்வலி என்று பிறகுதான் தெரிந்தது.

அவனை பஸ்ஸில் பேராதனைச் சிறுவர் வைத்தியசாலைக்குக் கொண்டுபோவதாக இருந்தால், காதை மூடும் மூடி ஒன்று வாங்கிக் கொடுங்கள். பஸ் பாட்டு வைத்தியரைவிடப் பயங்கரம்.

பதுளை டீச்சர் | மார்ச் 6, இரவு 8.45

விசேட கல்விப் பிரிவில் கற்பிக்கிறேன். யாரும் கேட்காத கேள்வி: மகன் பாடசாலையில் மலசலகூடத்துக்குப் போகிறானா? என் வகுப்பில் முக்கால்வாசிப் பிள்ளைகள் போவதில்லை. இருட்டு, நாற்றம், வாளியில் தண்ணீர் விழும் சத்தம், உட்கார்ந்தால் விழுந்துவிடுவோமோ என்ற பயம். காலை ஏழரையிலிருந்து ஒன்றரை வரைக்கும் அடக்குகிறார்கள். அடக்கப் பழகிவிட்டால் வீட்டிலும் அடக்குவார்கள்.

வீட்டில் கொமட் இருந்தால் கால் தொங்கக் கூடாது. பாதத்துக்குக் கீழே ஏதாவது உயரமாக வைத்து, முழங்கால் இடுப்பைவிட மேலே வர வேண்டும். கால் தொங்கினால் பெரியவர்களுக்கே வராது. சாப்பிட்டுக் கால் மணி நேரத்தில் உட்கார வையுங்கள், வயிற்றில் சாப்பாடு விழுந்ததும் குடல் தானாக அசையும். ஐந்து நிமிடம் போதும். வந்தாலும் வராவிட்டாலும் எழுந்ததும் பிடித்த ஒன்று. நான் படங்களை ஒட்டுவேன்: காற்சட்டை கழற்று, உட்கார், ஊது, கழுவு. "ஊது" என்பது சோப்பு நுரைக் குமிழி. ஊதும்போது வயிறு தானாக அழுத்தும். "முக்கு" என்று சொல்லிக்கொடுப்பதைவிட இது சுலபம்.

லிந்துலை அம்மாயி | மார்ச் 6, இரவு 9.10

டீச்சர் சொன்னதில் ஒரு எழுத்துக்கூட மாற்ற வேண்டாம். நான் தேநீரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நாளுக்கு நான்கு கோப்பை இனிப்புத் தேநீர் குடித்தால் பசி எங்கே வரும்? சாப்பாட்டோடு குடிக்கும் தேயிலைச் சாயம் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. நம் தோட்டங்களில் இரத்தசோகைக்கு அதுவும் ஒரு காரணம். மூன்று சாமான் சாப்பிடும் பிள்ளைக்கு இரத்தத்தில் இரும்பு எவ்வளவு என்று வைத்தியரிடம் கேளுங்கள். கேட்காமல் இரும்புப் பாணி வாங்கிக் கொடுக்காதீர்கள், அது மலத்தை இறுக்கும். பழமும் காய்கறியும் அறவே தொடாத ஓட்டிசப் பிள்ளைகளுக்கு விட்டமின் சி குறைந்து ஸ்கர்வி வந்து, நடக்க முடியாமல் வைத்தியசாலைக்கு வந்ததாக வெளிநாட்டு வைத்தியர்கள் எழுதியிருக்கிறார்கள். குறை இருந்தால் அந்தக் குறைக்கு மருந்து. அது நியாயமான சப்ளிமென்ட். எட்டு வகை, பத்து வகை என்று கலந்து விற்பது வேறு.

வெலிமடை மகள் கேட்ட கோதுமைக்கும் ஒரு வரி, அன்றைக்குச் சுள்ளென்று பேசிவிட்டேன். எடை ஏறவில்லை என்பதால் கோதுமை ஒவ்வாத சீலியாக் நோயா என்று வைத்தியர் இரத்தம் பார்க்கச் சொல்லலாம். பார்ப்பதற்கு முன்னால் கோதுமையை நிறுத்திவிட்டால் நோய் இருந்தாலும் சோதனையில் தெரியாது.

கொட்டகலை அம்மா | மார்ச் 9, இரவு 10.30

டப்பா வந்துவிட்டது. திறக்கவில்லை. தோட்ட டிஸ்பென்சரியில் கடிதம் வாங்கியிருக்கிறோம். வியாழக்கிழமை பேராதனைச் சிறுவர் வைத்தியசாலைக்குப் போகிறோம்.

மருந்துக்கடைத் தம்பி | மார்ச் 9, இரவு 10.41

எந்த நேரத்தில் எவ்வளவு, தண்ணீரா கட்டியா என்று இப்போதிருந்தே ஒரு கொப்பியில் குறித்துக்கொண்டு போங்கள் அக்கா. கட்டில் மூலையில் நிற்பதைத் தொலைபேசியில் பிடித்துக்கொள்ளுங்கள். தமிழ் தெரிந்தவர் அன்று இல்லாவிட்டாலும் வீடியோ பேசும்.

கொட்டகலை அம்மா | ஏப்ரல் 24, இரவு 9.55

ஏழு வாரம் ஆகிவிட்டது. இடையில் சித்திரை வருடப்பிறப்பு, வீடு நிறைய ஆட்கள், ஆளுக்கொரு வைத்தியம். இப்போதுதான் எழுத நேரம்.

காலை நான்கரை பஸ்ஸில் புறப்பட்டோம். கினிகத்தேனை வரைக்கும் காதுமூடியைக் கழற்றி எறிந்தான், பிறகு அவனே எடுத்து மாட்டிக்கொண்டு கம்பளை தாண்டும் வரைக்கும் தூங்கினான். அங்கே வைத்தியர் அம்மா அவனை மேசையில் படுக்க வைக்க முடியாமல், என் மடியில் வைத்தே வயிற்றைத் தடவினார். முப்பது வினாடி. என் கையைப் பிடித்து அந்தக் கிழங்கின் மேல் வைத்து, கொச்சைத் தமிழில் "எல்லாம் உள்ளே இருக்கிறது" என்றார். வீடியோவையும் கொப்பியையும் பார்த்தார். அம்மாயி எழுதியதையே அப்படியே சொன்னார், வரிக்கு வரி. எனக்கு அழுகை வந்துவிட்டது.

நான்கு நாள் வார்டில் வைத்திருந்தார்கள். எவ்வளவு வெளியே வந்தது என்று எழுத மாட்டேன். மாமியார் மட்டும், "இவ்வளவையும் சுமந்துகொண்டா பிள்ளை பள்ளிக்கூடம் போனான்" என்று கேட்டார். பிறகு லக்டுலோஸ் என்ற பாணி. ஆறு மாதமாவது கொடுக்க வேண்டுமாம், சரியாகிவிட்டது என்று நாமாக நிறுத்தினால் திரும்ப அடைக்குமாம். இரத்தத்தில் இரும்பு குறைவு, அதற்கு வேறு மருந்து. சீலியாக் இல்லை. எதற்கும் பணம் கட்டவில்லை. பஸ் காசும் சாப்பாடும்தான்.

மலசலகூடத்தில் காலுக்குக் கீழே பெயின்ட் டின்னைக் கவிழ்த்து வைத்திருக்கிறோம். குமிழி ஊதுகிறான். காற்சட்டை நனைந்து பதினாறு நாள். கட்டில் மூலைக்குப் போவதில்லை, விடியும் வரைக்கும் தூங்குகிறான். பகலில் சிரிக்கிறான். அவனுக்கு இவ்வளவு சிரிப்பு இருந்ததா என்று கணவர் கேட்கிறார்.

பேச்சு வரவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கு யாராவது லக்டுலோஸையும் 90 நாட்களில் பேச்சு என்று விற்பார்கள். பேச்சுப் பயிற்சிக்கு மே மாதம் திகதி தந்திருக்கிறார்கள்.

டப்பாவைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்று விற்றவர் சொல்லிவிட்டார். அலமாரியில் இருக்கிறது. சங்கிலி கழுத்தில் இருக்கிறது.

மருந்துக்கடைத் தம்பி | ஏப்ரல் 24, இரவு 10.06

அக்கா, ஒரு சங்கதி. லக்டுலோஸை நம் உடம்பு செரிப்பதில்லை. பெருங்குடலுக்குப் போய்ச் சேர்ந்ததும் அங்கே உள்ள நுண்ணுயிர்கள்தான் அதைத் தின்கின்றன. பிஃபிடோபக்டீரியம் உட்பட. ஆக உங்கள் மகன் குடிப்பதும் குடல் நுண்ணுயிர்களுக்கு இரைதான். விலைதான் வேறு.

பண்டாரவளை அப்பா | ஏப்ரல் 24, இரவு 10.40

மிகவும் சந்தோஷம் தங்கச்சி. நான் ஒன்றரை மாதமாகப் பொடி வாங்கவில்லை. மனைவியிடம் சொல்லிவிட்டுத்தான் நிறுத்தினேன். அவன் இன்னும் "அப்பா" என்கிறான். போன வாரம் "வேண்டாம்" என்றும் சொன்னான், என்னைப் பார்த்து. குளிக்க அழைத்தபோது.

கொட்டகலை அம்மா | ஏப்ரல் 25, காலை 6.15

அண்ணா, வாசித்துவிட்டுச் சிரித்தேன்.

அம்மாயி, ஒன்று கேட்க மறந்துவிட்டேன். நேற்று ரொட்டித் தட்டின் ஓரத்தில் ஒரு துண்டு பப்பாசி வைத்தேன், நகத்தளவுதான். தட்டை எறியவில்லை. எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு என் உள்ளங்கையில் திருப்பி வைத்துவிட்டான். இன்றைக்கு வேறு பழம் மாற்றிப் பார்க்கவா?

லிந்துலை அம்மாயி | ஏப்ரல் 25, காலை 6.21

மாற்றாதீர்கள். அதே பப்பாசி, அதே அளவு, அதே ஓரம். தின்னச் சொல்லாதீர்கள். திருப்பித் தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

சத்தம் பிடிக்காதவன் | ஏப்ரல் 25, காலை 6.50

முடிந்தால் அதே பழத்திலிருந்தே வெட்டுங்கள்.